இரண்டாவது உந்தலும் கொடுவா மீனும்

எம்.எஸ்சி. இயற்பியல் கடைசி வருஷ வாய்மொழித் தேர்வன்று நான் கல்லூரிக்கு எடுத்துப்போனது புராஜெக்ட் ரிப்போர்ட், கால்குலேட்டர், அப்புறம் ஒரு தூக்குவாளி நிறைய கொடுவா மீன் குழம்பு. துறையில் எல்லோரும் விசாரித்தது குழம்பைப் பற்றித்தான்.

எங்கள் துறையில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. வெளித்தேர்வாளர் காரைக்கால் எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து, தமிழ்நாட்டுக் கல்லூரி ஒன்றிலிருந்து வருவார். அவருடைய மதியச் சாப்பாடு மாணவர்கள் பொறுப்பு. நெரவிப் பக்கம் வயல் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள் அரிசியும் வாழை இலையும் கொண்டுவர வேண்டும். மீனவக் குப்பத்துப் பிள்ளை யாராவது இருந்தால் மீன் அந்தப் பிள்ளையின் தலையில் விழும். அந்த வருஷம் குப்பத்திலிருந்து நான் ஒருத்திதான். சாப்பிட்டு முடித்ததும் அவர் காரில் ஒரு பையும் ஏறும். பையில் என்ன என்று காரைக்கால்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: எங்கள் ஊரில் பாட்டில் மலிவு. எல்லையில் பூவம் செக்போஸ்ட்டைத் தாண்டும்போது பை சீட்டுக்கு அடியில் போய்விடும். பையை அட்டெண்டர் பார்த்துக்கொள்வார். அதில் எனக்கு வேலை இல்லை.

எனக்கு வேண்டியது முதல் வகுப்பு. நெடுங்காட்டுக்குப் போகும் வழியில் ஒரு பொறியியல் கல்லூரி புதிதாகத் திறந்திருந்தார்கள். முதல் வகுப்பு இருந்தால் விரிவுரையாளர் வேலை, இல்லாவிட்டால் வாசல்படி ஏற வேண்டாம் என்று என் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார்கள். சுற்றி வளைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. முந்தின வருஷம் மஞ்சள் காமாலையோடு பரீட்சை எழுதி ஒரு பேப்பரில் மார்க்கை இழந்திருந்தேன். இப்போது வாய்மொழித் தேர்வில் எழுபத்தைந்தாவது வந்தால்தான் முதல் வகுப்பு. வராவிட்டால் அம்மாவோடு மீன்கூடை தூக்க வேண்டும். கூடை தூக்குவது கேவலம் என்று நான் சொல்லவில்லை. எனக்கு வேண்டாம் என்கிறேன்.

என் புராஜெக்ட் இதுதான். பூமிக்கு மேலே முந்நூறு கிலோமீட்டர் உயரத்தில் ஒரு செயற்கைக்கோள் வட்டப்பாதையில் சுற்றுகிறது. அதை முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் இன்னொரு வட்டப்பாதைக்குக் கொண்டுபோக வேண்டும். எவ்வளவு வேகம் கூட்ட வேண்டும், எங்கே கூட்ட வேண்டும்? கீழ் வட்டத்தில் ஒரு உந்தல் கொடுத்தால் பாதை நீள்வட்டமாகி, அதன் தூரத்து முனை மேல் வட்டத்தைத் தொடும். அந்த முனையில் இரண்டாவது உந்தல் கொடுத்தால் பாதை மறுபடி வட்டமாகிவிடும். இரண்டு உந்தல், இரண்டு எண். கூட்டினால் வினாடிக்கு 3.89 கிலோமீட்டர். கேட்க எளிதாகத்தான் இருக்கும். ஆனால் அதில் எல்லோரையும் இடறிவிடும் ஒரு இடம் உண்டு. கீழ் வட்டத்தில் வேகம் வினாடிக்கு 7.73. மேல் வட்டத்தில் 3.07தான். மேலே போனால் மெதுவாகத்தான் சுற்றும். அப்படியிருந்தும் இரண்டு தடவையும் வேகத்தைக் கூட்டத்தான் வேண்டும். ஒரு தடவைகூடக் குறைக்கக் கூடாது.

கூடப் படித்தவர்கள் முந்தின வருஷத்து ரிப்போர்ட்டுகளை ஜெராக்ஸ் எடுத்து அட்டையை மாற்றிக்கொண்டார்கள். நான் மாற்றவில்லை. ஆறு மாதம் உட்கார்ந்து போட்டேன். வழிகாட்டிப் பேராசிரியர் என் ரிப்போர்ட்டைத் திறக்காமலே கையெழுத்துப் போட்டார். மற்றவர்களுடையதையும் திறக்கவில்லை, அந்த அளவில் நியாயமானவர்.

தேர்வு மே மாதத்தில். மே மாதம் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் அரசலாற்றில் கட்டிக் கிடக்கும். சின்ன ஃபைபர் படகுகள் மட்டும் கிட்டத்தில் போய் ஏதோ கொண்டுவரும். கரையில் அந்தக் கொஞ்ச மீனுக்கு வியாபாரிப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி தள்ளிக்கொண்டு நிற்பார்கள். இதைப் பேராசிரியரிடம் சொன்னேன். "பாத்து ஏற்பாடு பண்ணும்மா, உங்க ஊருதானே கடலு" என்றார். கடலை நாங்கள் வீட்டுக்குப் பின்னால் தொட்டி கட்டி வைத்திருக்கிற மாதிரி.

அம்மா அன்றைக்கு நெடுங்காட்டுக்குக் கூடை கொண்டுபோகவில்லை. கிடைத்த ஒரே ஒரு பெரிய கொடுவாவையும் எனக்காக வெட்டிவிட்டாள். வெட்டும்போது முழுக்கத் திட்டிக்கொண்டே இருந்தாள்.

"அந்த வாத்தியாருக்குத் தடைக்காலம்னா என்னன்னு தெரியாதாடி?"

"தெரியும்மா. அது மீனுக்குன்னு நெனச்சிக்கிட்டிருக்காரு, அவரு வாய்க்கு இல்லன்னு."

"நீ பாஸ் பண்றதுக்கு மீனு எதுக்கு? நீ படிச்சத வந்தவரு கேக்கமாட்டாரா?"

"கேப்பாரு."

"அப்பறம்?"

அப்புறம் என்ன என்று எனக்கும் தெரியவில்லை. கோபம் மட்டும் வந்தது. அம்மா செதிலைத் தண்ணீர் விட்டுக் கழுவித் தள்ளினாள். குழம்பு கொதிக்கிற வரை நான் பக்கத்தில் உட்கார்ந்து எண்களைச் சொல்லிக்கொண்டிருந்தேன். "என்னடி முணுமுணுக்கிற, சாமியாடப் போறியா" என்றாள்.

மினி பஸ்ஸில் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு போனேன். மூடி ஆடி, ரிப்போர்ட்டின் பின்னட்டையில் கொஞ்சம் குழம்பு பட்டது. தாவணித் தலைப்பால் துடைத்தேன். துடைத்ததும் இன்னும் பரவியது.

கல்லூரியில் ஒளியியல் லேபில் சாப்பாட்டுக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. ஸ்பெக்ட்ரோமீட்டர்களைச் சுவரோரம் தள்ளி, நீள மேசையில் செய்தித்தாள் விரித்திருந்தார்கள். நெரவியிலிருந்து வரும் என் தோழி இலை நறுக்கிக்கொண்டிருந்தாள். தூக்குவாளியை அவளிடம் கொடுத்தேன்.

"மூடியத் தொறந்ததுமே உனக்கு எண்பது மார்க்குடி" என்றாள்.

"மூடுடி அத."

"வாயையா, வாளியையா?"

சிரிக்கிற நிலைமையில் நான் இல்லை. பேராசிரியர் வந்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "வெளியிலேருந்து வர்றவரு கொஞ்சம் கோபக்காரரு. எது சொன்னாலும் ஆமாம் சார்னு சொல்லிட்டு வந்துரு. வாதம் பண்ணாதே. உன் வாய் எனக்குத் தெரியும்" என்றார். நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

என் முறை கடைசியாக வந்தது. எனக்கு முன்னால் போனவர்கள் ஒவ்வொருவராகச் சீக்கிரமே வெளியே வந்தார்கள். எல்லோரும் ஆமாம் சார் சொல்லியிருப்பார்கள். நான் உள்ளே போகும்போது குழம்பைச் சூடுபண்ணும் வாசனை தாழ்வாரம் வரை வந்துவிட்டது. தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கனத்த ஆள், நெற்றியில் விபூதி, சட்டைப்பையில் ரெண்டு பேனா. பக்கத்தில் எங்கள் பேராசிரியர், கை கட்டிய மாதிரியே உட்கார்ந்திருந்தார்.

தேர்வாளர் ரிப்போர்ட்டைப் புரட்டினார். பின்னட்டையில் விரல் பட்டதும் முகர்ந்து பார்த்தார்.

"என்னம்மா இது?"

"கொழம்புங்க சார்."

"ஓ, மீன் நீதானா?"

முகத்தில் வெளிச்சம் வந்தது அப்போதுதான். உடனே ரிப்போர்ட்டை நடுவில் பிரித்தார். ஒரு பக்கத்தில் விரலை வைத்தார்.

"கீழ வேகம் 7.73. மேல 3.07. சரியா?"

"சரிங்க சார்."

"கொறஞ்சிருக்கு."

"ஆமாங்க சார்."

"அப்ப மேல போனதும் பிரேக் போடணும். நீ என்னன்னா ரெண்டாவது தடவையும் கூட்டியிருக்க. ப்ளஸ் போட்டிருக்க. மைனஸ் வரணும்."

அவருக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் பேராசிரியர் என்னைப் பார்த்து மெதுவாகத் தலையை ஆட்டினார். ஆமாம் சொல்லு என்று அர்த்தம். ஒரே ஒரு ஆமாம். சொல்லியிருந்தால் எழுபத்தைந்தோ எண்பதோ போட்டுவிட்டு எல்லோரும் சாப்பிடப் போயிருப்பார்கள்.

"இல்லைங்க சார்" என்றேன்.

"என்ன இல்ல?"

"பிரேக் இல்லைங்க சார். கூட்டத்தான் வேணும்."

 அவர் ரிப்போர்ட்டை மூடினார். "இத நீ எங்கேருந்தோ பாத்து எழுதியிருப்ப. போர்டுல போடு, பாப்போம். கடக்கரைப் புள்ளதானே நீ. படகு கரைக்கு வரும்போது இன்ஜினைக் கொறைக்கமாட்டாங்களா? அதே மாதிரிதான்."

எனக்கு அந்த இடத்தில்தான் தலைக்கு ஏறியது. நான் படித்தது எதுவாக இருந்தாலும் கடைசியில் என்னைப் படகில் ஏற்றித்தான் பேசுவார்கள். படகுக்கு நீர் எதிர்க்கும், இன்ஜினைக் குறைத்தால் நிற்கும். மேலே எதிர்க்க என்ன இருக்கிறது? சாக்பீஸை எடுத்தேன். வேகமாக எழுதினேன். கோபத்தில் எழுதினேன்.

சூத்திரம் எழுதினேன். பூமியின் மையத்திலிருந்து கீழ் வட்டம் 6678 கிலோமீட்டர், மேல் வட்டம் 42164. நீள்வட்டத்துக்கு இரண்டையும் கூட்டி 48842. கால்குலேட்டரில் தட்டினேன். நீள்வட்டத்தின் கீழ் முனையில் 10.55 வந்தது. மேல் முனைக்குத் தட்டினேன். 3.28.

எழுதிவிட்டுத்தான் பார்த்தேன். மேல் முனைக்கு வந்து சேரும் வேகம் 3.28. அங்கே வட்டத்தில் சுற்ற வேண்டிய வேகம் 3.07. அப்படியென்றால் குறைக்கத்தான் வேண்டும். பிரேக்தான்.

"பாத்தியாம்மா" என்றார் தேர்வாளர். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அவர் ஜெயித்துவிட்டார், சத்தம் எதற்கு? "உன் கையாலயே வந்துட்டு. கொஞ்சமாத்தான் பிரேக். ஆனா பிரேக்தான்."

என் கையாலேயே வந்துவிட்டது. ஆறு மாதம் போட்ட கணக்கு, ராத்திரி தூக்கத்தில் கேட்டாலும் மேல் முனைக்கு 1.61 என்று சொல்வேன். போர்டில் 3.28 நிற்கிறது. என் எழுத்து. பேராசிரியர் என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தார்.

"தப்பு இருக்குங்க சார். கண்டுபிடிக்கிறேன்."

"கண்டுபிடி. நாங்க சாப்பிட்டு வர்றோம். மார்க் அப்பறம் போட்டுக்கலாம்."

எழுந்தார்கள். வாசலில் பேராசிரியர் மட்டும் ஒரு நொடி நின்றார். "வந்து நீயே பரிமாறு. மீன் யாரு கொண்டாந்ததுன்னு அவருக்கு ஞாபகம் இருக்கட்டும். இத விட்டுத் தொலை" என்றார்.

"வரல சார்."

"எழுபத்தஞ்சு வேணும்னு நீதானே அழுத?"

நான் அழவில்லை. கேட்டேன். அதைத் திருத்த நேரமில்லை, போர்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். எண்கள் சரி. கூட்டல் சரி. கால்குலேட்டரில் மறுபடி தட்டினேன், அதே 3.28. பேட்டரி தீர்ந்துவிட்டதோ என்று அதைக்கூடச் சந்தேகப்பட்டேன். அடுத்த அறையில் பெஞ்சுகளை இழுக்கிற சத்தம். சாக்பீஸ் வேர்வையில் ஈரமாகிப்போனது. கையில் காலையில் பட்ட குழம்புக் காரம் இன்னும் போகவில்லை, கண்ணைத் துடைத்தால் எரிந்தது. கண்ணைத் துடைத்தேன் என்றுதான் சொல்கிறேன், வேறொன்றும் இல்லை.

தோழி எட்டிப் பார்த்தாள். "ஏய் வாடி. மீன் தலை யாருக்குன்னு உள்ள மரியாதைச் சண்ட நடக்குது. நீங்க எடுத்துக்குங்க, நீங்க எடுத்துக்குங்கன்னு. நீ வந்து வச்சின்னா முடிஞ்சிடும்."

"போடி."

"என்னடி ஆச்சு?"

"என் கணக்கு எனக்கே பொய் சொல்லுது."

அவள் போர்டைப் பார்த்தாள். அவளுடைய புராஜெக்ட் ஜெராக்ஸ். திரும்பிப் போய்விட்டாள்.

வரிகளைப் பார்ப்பதை விட்டேன். விடையைப் பிடித்துச் சோதிக்கலாம் என்று தோன்றியது. நீள்வட்டத்தில் சுற்றுகிற எதற்கும் ஒரு கணக்கு மாறாது. மையத்திலிருந்து இருக்கும் தூரத்தையும் அங்கே இருக்கும் வேகத்தையும் பெருக்கினால், கிட்டத்து முனையிலும் தூரத்து முனையிலும் ஒரே எண் வர வேண்டும். கிட்டத்தில் வேகம் அதிகம், தூரத்தில் குறைவு, பெருக்கினால் சமம். கீழே 6678ஐ 10.55ஆல் பெருக்கினேன். எழுபதாயிரத்துச் சொச்சம். மேலே 42164ஐ 3.28ஆல் பெருக்கினேன். ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரம்.

சமமில்லை. பக்கத்தில்கூட இல்லை. அப்படியானால் 3.28 என்பது பொய். பிரேக்கும் பொய். எனக்கு மூச்சு வந்தது. இனி எங்கே என்பதுதான் கேள்வி.

சூத்திரத்தில் நீள்வட்டத்தின் நீள அச்சில் பாதியைப் போட வேண்டும். நான் முழுசையும் போட்டிருந்தேன். 48842ஐ இரண்டால் வகுக்கவில்லை. ஆறு மாதமாக ஒரு நாளும் மறக்காத ஒரு பாதி. படகு என்று அவர் சொன்னதும் நான் எழுதிய வரி அது. வகுத்தேன். 24421. தட்டினேன். கீழ் முனையில் 10.15. மேல் முனையில் 1.61. பெருக்கிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் அறுபத்தேழாயிரத்துச் சொச்சம்.

அவர் திரும்பி வருகிற வரை காத்திருக்கலாம். ஆனால் சாப்பிட்டதும் அவர் திரும்பி வருவார் என்று யார் சொன்னது? முந்தின வருஷத்துக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள், கை கழுவிவிட்டு அப்படியே காரில் ஏறிவிடுவார்களாம், மார்க் லிஸ்ட்டில் காரிலேயே கையெழுத்தாம். கணக்கை ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, கால்குலேட்டரையும் எடுத்துக்கொண்டு லேபுக்குள் போனேன்.

மீன் தலை கடைசியில் தேர்வாளர் இலையில்தான் இருந்தது. கண்ணுக்குப் பக்கத்துச் சதையை எடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் பேராசிரியர் என்னைப் பார்த்ததும் என் கையில் வாளியைத் தேடினார், இல்லை என்றதும் முகம் சுருங்கியது.

"சார், பாதிய விட்டுட்டேன்" என்றேன்.

தேர்வாளர் நிமிர்ந்தார். "எதுல?"

"அச்சுல சார். ரெண்டால வகுக்கல. வகுத்தா மேல 1.61தான் வருது."

"சாப்பிடும்போது கணக்காம்மா?" என்றார் பேராசிரியர்.

 தாளைத் தேர்வாளர் இலைக்குப் பக்கத்தில், குழம்பு படாத தூரத்தில் வைத்தேன். அவர் எச்சில் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இடது கையால் தாளை இழுத்தார்.  பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். தோழி ரசவாளியோடு நின்றாள்.

"இது சரின்னு எப்படிச் சொல்ற? முன்னாடியும் சரின்னுதான் போட்ட."

"தூரத்தையும் வேகத்தையும் பெருக்கிப் பாத்தேங்க சார். ரெண்டு முனையிலும் ஒரே எண் வருது. முன்னாடி போட்டதுக்கு வரல."

மறுபடி தாளைப் பார்த்தார். இடது கை விரலால் எண்களைத் தொட்டுத் தொட்டு வந்தார். உதடு அசைந்தது. அவரும் பெருக்குகிறார் என்று புரிந்தது.

"சரி. ரெண்டு தடவையும் வேகத்தக் கூட்டுற. கடைசியில பாத்தா முன்ன இருந்தத விட மெதுவாப் போவுது. கூட்டுன வேகம் எங்கம்மா போச்சு?"

அன்றைக்கு அவர் கேட்ட ஒரே நல்ல கேள்வி அதுதான்.

"ஏறுறதுல போச்சுங்க சார். கீழ 10.15 கொடுத்து அனுப்புறோம். பூமி இழுத்துக்கிட்டே இருக்கு, ஏற ஏறக் கொறையுது. மேல போய்ச் சேரும்போது 1.61தான் மிச்சம். அங்கயே சுத்தணும்னா 3.07 வேணும். பத்தலைன்னா திரும்பக் கீழ விழுந்து வரும். அந்தப் பத்தாததத்தான் ரெண்டாவது தடவை கொடுக்கிறோம். அங்க பிரேக் போட்டா இன்னும் கீழ வரும்."

அவர் தலையாட்டவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. தாளை என் பக்கம் தள்ளினார். "ரசம் கொண்டாங்க" என்றார். தோழி ஊற்றினாள். நான் வெளியே வந்து தாழ்வாரத்தில் நின்றேன்.  தூணைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் கிளம்பும்போது நாங்களெல்லாம் வாசலில் வரிசையாக நிற்க வேண்டும், அதுவும் வழக்கம். அட்டெண்டர் பையை முன்சீட்டுக்கு அடியில் வைத்தார். தேர்வாளர் காரில் ஏறிக் கண்ணாடியை இறக்கினார். என்னைக் கூப்பிட்டார்.

"இனிமே அந்தப் பாதிய மறக்காதம்மா" என்றார், அதை அவர்தான் எனக்கு எடுத்துச் சொன்ன மாதிரி. கார் போய்விட்டது.

கண்டுபிடித்தது நான். அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அவர் மைனஸ் என்று அடித்துப் பேசியதைப் பற்றியும் ஒருத்தரும் பேசவில்லை.

சாயங்காலம் பேராசிரியர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். சிரித்துக்கொண்டிருந்தார். "எழுபத்தேழு போட்டிருக்காரு. முதல் வகுப்பு வந்துரும். நல்லவேளை, கொடுவா காப்பாத்திட்டு உன்ன. அந்த மாதிரி மீன் அவரு சாப்பிட்டதே இல்லையாம். நீ பேசுன பேச்சுக்கு வேற ஆளா இருந்தா ஐம்பதோட நிறுத்தியிருப்பாரு."

"சார், கொடுவாவுக்கு ரெண்டால வகுக்கத் தெரியாது" என்றேன்.

சிரிப்பு நின்றது. "இந்த வாய்தான்" என்றார். "போ."

வீட்டுக்குப் போனதும் அம்மா முதலில் காலி வாளியை வாங்கி உள்ளே பார்த்தாள். "எல்லாம் காலியா? பாஸா?"

"முதல் வகுப்பு வரும்."

"மீனு நல்லாருந்துச்சுன்னாங்களா?"

"அதத் தவிர வேற எதுவும் சொல்லல."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். வாளியைக் கவிழ்த்து வைத்தாள். "நாளைக்கு நெடுங்காட்டுக்கு ரெண்டு கூடையாப் போவணும், இன்னைக்கு விட்டதுக்கும் சேத்து" என்றாள். மறுநாள் ஒரு கூடையை நான் தூக்கிக்கொண்டு போனேன். அந்தப் பொறியியல் கல்லூரி வழியில்தான் இருந்தது.

வேலை கிடைத்தது. ஜூலையில் சேர்ந்தேன். துறையில் மட்டும் பேச்சு மாறவில்லை. எனக்குப் பின்னால் வந்தவர்களிடம் "ஒருத்தி கொடுவா கொண்டாந்து முதல் வகுப்பு வாங்குனா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்று தோழி மூலம் காதுக்கு வந்தது. ஒரு கணக்கு, ஒரு போர்டு, தாழ்வாரத்தில் பிடித்துக்கொண்ட தூண், எதுவும் அந்தக் கதையில் இல்லை.

அடுத்த வருஷம் மே மாதம் எங்கள் கல்லூரி அலுவலகத்துக்கு எனக்கு ஒரு போன் வந்தது. பழைய பேராசிரியர். குரல் கொஞ்சம் குழைவாக இருந்தது. இந்தத் தடவையும் வெளித்தேர்வாளர் அவர்தானாம். இந்த வருஷத்துப் பிள்ளைகளில் குப்பத்துப் பிள்ளை யாரும் இல்லையாம்.

"உங்க அம்மாகிட்ட சொல்லி அதே மாதிரி ஒரு கொடுவா கெடைக்குமாம்மா?"

"தடைக்காலம் சார்" என்றேன்.

"போன வருஷமும் தடைக்காலந்தானே?"

"ஆமாம் சார்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த ஆமாம் சாரை நான் அவரிடம் சொன்னது அந்த ஒரு தடவைதான்.